பர்ஸ் மறந்த கதை: நீலகிரியில் ஐந்து நாள்

முதல் நாள். வியாழன் இரவு, மேட்டுப்பாளையம்

லாட்ஜ் ஜன்னலைத் திறந்தால் பஸ் ஸ்டாண்ட். குன்னூர் பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு சிமெண்டு பெஞ்சில், கறிவேப்பிலை மூட்டையைத் தலைக்கு வைத்து ஒருவர் தூங்குகிறார். 2009-ல் ஒரு ராத்திரி முழுக்க நான் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். மழை என்றால் அப்படி ஒரு மழை.

இந்தப் பயணத்தைப் பற்றித் தினமும் கொஞ்சம் எழுதலாம் என்று இருக்கிறேன். ஊட்டியில் எங்கே தங்கலாம், என்ன வாங்கலாம் என்று தேடி வந்தவர்கள் இப்போதே கிளம்பிவிடலாம். இது ஒரு பர்ஸைப் பற்றிய கதை.

2009 நவம்பர் 9, திங்கட்கிழமை. அப்போது எனக்குக் கோயம்புத்தூரில் வேலை. பாலிடெக்னிக்கில் மூன்று வருஷம் என்னோடு ஒரே அறையில் இருந்த நண்பனின் தங்கைக்குப் புதன்கிழமை நிச்சயம். அவர்கள் வீடு குன்னூருக்கும் கேத்திக்கும் நடுவில், தேயிலைச் சரிவில் ஒரு குடியிருப்பு. 1964 இந்தியா-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பம். அவன் அம்மா என்னைத் ‘தம்பி’ என்றுதான் கூப்பிடுவார். என் பெயர் அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். நான் போனால் முன்னறைக் கட்டிலை எனக்கு ஒதுக்கிவிட்டு, கம்பளியை அடுப்புப் பக்கம் போட்டுச் சூடாக்கித் தருவார். இரண்டு நாள் முன்னாலேயே போய் ஒத்தாசையாக இருக்கலாம் என்று கிளம்பினேன்.

மேட்டுப்பாளையத்தில் இறங்கி ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். குன்னூர் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் டிக்கெட் கேட்டபோது பின்பாக்கெட்டைத் தடவினால் பர்ஸ் இல்லை. காசு கொடுத்த கையோடு கல்லா மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். இறங்கி ஓடினேன். கல்லாக்காரர் பத்திரமாக எடுத்து வைத்திருந்தார். திரும்பி வந்தபோது பஸ் போய்விட்டது. அடுத்த பஸ் கிளம்பவே இல்லை; மலைப்பாதையில் மண் சரிந்துவிட்டது என்றார்கள்.

அன்று ராத்திரி அவர்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த மேடு இறங்கியது. முன்னறை இருந்த இடமே தெரியவில்லை. அம்மா போய்விட்டார். தங்கை குன்னூரில் சித்தி வீட்டில் இருந்தாள். நண்பன் எப்படியோ வெளியே இருந்திருக்கிறான். எப்படி என்று அப்போது நான் கேட்கவில்லை. நான் இறங்கிய அந்த பஸ்ஸும் பத்திரமாகக் குன்னூர் போய்ச் சேர்ந்தது. அதில் போயிருந்தால் நான் முன்னறைக் கட்டிலில் இருந்திருப்பேன்.

எங்களுக்கு வள்ளியூர்ப் பக்கம். சி.எஸ்.ஐ. குடும்பம், தாத்தா உபதேசியார். சாட்சி சொல்வது, அதாவது கர்த்தர் எனக்கு இதைச் செய்தார் என்று சபை முன்னால் எழுந்து சொல்வது, எங்களுக்குச் சோறு சாப்பிடுகிற மாதிரி. கார் உருண்டும் கீறல் விழவில்லை, ஸ்கேனில் தெரிந்த கட்டி மறு ஸ்கேனில் காணவில்லை, பீஸ் கட்டக் கடைசி நாளில் யாரோ ஒரு கவர் கொடுத்தார்கள். இதையெல்லாம் கேட்டு வளர்ந்தவனுக்குச் சொல்ல ஒரு சாட்சி கிடைத்தால் விடுவானா? அந்த வருஷக் கடைசி ஆராதனையில் மைக்கைப் பிடித்தேன். “கர்த்தர் என் பர்ஸை மறக்கப்பண்ணினார்” என்று ஆரம்பித்தேன். சபையே ஸ்தோத்திரம் சொன்னது. ஒரு பாட்டி என் கையைப் பிடித்து அழுதார். ஜனவரியில் சபைப் பத்திரிகையில் அச்சாகியும் வந்தது. தலைப்புக்குக் கீழே 91-ம் சங்கீதம் 7-ம் வசனம்: “உன் பக்கத்தில் ஆயிரம்பேரும், உன் வலதுபுறத்தில் பதினாயிரம்பேரும் விழுந்தாலும், அது உன்னை அணுகாது.” அம்மாவைப் பற்றி ஒரே வரி: “அவ்வீட்டுத் தாயார் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்கள்.”

அதில் ஒரு பிரதியை நண்பனுக்கு நானே தபாலில் அனுப்பினேன். சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். சத்தியமாக அப்படித்தான் நினைத்தேன்.

அதற்கப்புறம் அவன் என் போனை எடுக்கவில்லை. போன மாதம், பதினைந்து வருஷம் கழித்து, பாலிடெக்னிக் வாட்ஸ்அப் குழுவில் அவன் நம்பரைப் பார்த்து, ஜனவரியில் ஊட்டி வருகிறேன், பார்க்கலாமா என்று கேட்டேன். இரண்டு நாள் கழித்து ஒரே எழுத்தில் பதில்: ‘வா’.

காலையில் ஏழேகாலுக்குள் ரயில். தூங்க வேண்டும்.

இரண்டாம் நாள். வெள்ளி, ஊட்டி

மலை ரயிலைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை, அதனால் சுருக்கமாக. 46 கிலோமீட்டர், 16 குகைகள், 250 பாலங்கள். குன்னூர் வரை 1899-லும் ஊட்டி வரை 1908-லும் ஓட ஆரம்பித்தது. கல்லாறு தாண்டியதும் இரண்டு தண்டவாளத்துக்கு நடுவில் பற்கள் வைத்த இன்னொரு தண்டவாளம் வந்து சேர்கிறது. இன்ஜின் சக்கரத்தின் பல் அதில் மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பல்லாக ஏறுகிறது. ஏறும்போது இன்ஜின் முன்னால் இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது.

எனக்குப் பிடித்தது பிரேக்ஸ்மேன்தான். ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் வெளித்திண்ணையில் ஒருவர் நின்றுகொண்டே வருகிறார். கையில் கொடி, பக்கத்தில் பிரேக் சக்கரம். ஹில்குரோவில் இன்ஜின் தண்ணீர் குடிக்க நின்றபோது, குரங்குக்குத் தெரியாமல் வடையைப் பாதியாகப் பிட்டு எங்கள் பெட்டிக்காரருக்குக் கொடுத்தேன். “இன்ஜின் விசில் குடுத்தா பிடிக்கணும், மறுபடி குடுத்தா விடணும், அவ்வளவுதாங்க வேலை” என்றார். தாத்தா இருந்திருந்தால் இதை ஒரு பிரசங்கமாகவே ஆக்கியிருப்பார். கண்ணுக்குத் தெரியாமல் பின்னாலிருந்து தள்ளுகிற ஆண்டவர், விசிலுக்குக் கீழ்ப்படிகிற மனுஷன். எனக்கும் வாய் வரைக்கும் வந்தது. வடையைத் தின்று அடக்கிக்கொண்டேன். உவமை ரொம்பச் சுலபமாகக் கிடைத்தால் எனக்கு இப்போதெல்லாம் பயம்.

நானூறு வருஷம் முன்னால் இந்த மலைக்கு ஏறி வந்த பாதிரியாரும் ஒன்றை எதிர்பார்த்துத்தான் வந்தார். 1603-ல் ஃபெனிசியோ என்ற சேசு சபைக் குரு, மலை உச்சியில் தொலைந்துபோன பழைய கிறிஸ்தவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கேரளத்துப் பக்கமிருந்து நடந்தே வந்தார். கண்டது தோடர்களையும் அவர்கள் எருமைகளையும்.

குன்னூரில் இன்ஜின் மாறியது. வெலிங்டன், அருவங்காடு, அப்புறம் கேத்தி. நண்பனிடம் வெள்ளியோ சனியோ வருகிறேன் என்று சொல்லியிருந்தேன். கேத்தி ஸ்டேஷனில் ரயில் நின்றது. பிளாட்பாரத்தில் ஒரு நாயும், ஸ்வெட்டர் போட்ட ஸ்டேஷன்காரர் ஒருவரும். எதிரே பள்ளத்தாக்கு முழுக்கப் பச்சைப் படிக்கட்டு மாதிரிக் காய்கறித் தோட்டம். 2009 நவம்பர் 10 காலை வரைக்குமான ஒரே நாளில் இந்தப் பள்ளத்தாக்கில் 82 சென்டிமீட்டர் பெய்திருக்கிறது. எங்கள் ராதாபுரம் வட்டாரத்தில் ஒரு வருஷம் முழுக்கப் பெய்தாலும் அவ்வளவு வராது. அந்த இரண்டு மூன்று நாளில் மாவட்டத்தில் நாற்பது பேருக்கு மேல் செத்தார்கள்.

பையை எடுத்து மடியில் வைத்தேன். ரயில் கிளம்பியது. பையைத் திரும்ப மேலே வைத்தேன். டிக்கெட் ஊட்டி வரைக்கும் இருக்கிறது, வீணாக்குவானேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். டிக்கெட் எடுத்ததும் நான்தான்.

மூன்றாம் நாள். சனி, ஊட்டி

காலையில் புல்லெல்லாம் வெள்ளை. உறைபனி. விரல் மடங்க மறுக்கிறது, இதைத் தட்டச்சு செய்வதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. நண்பனுக்கு “நாளை வருகிறேன்” என்று செய்தி அனுப்பினேன். “சரி” என்று வந்தது. இவன் ஒற்றை வார்த்தைக்கு மேல் செலவு செய்யமாட்டான் போல.

தள்ளிப்போட்ட நாளை எப்படிக் கழிப்பது? கோயில் கோயிலாகச் சுற்றினேன்.

முதலில் ஸ்டீபன்ஸ் சர்ச். 1829-ல் அஸ்திவாரம், 1830-ல் கல்கத்தா பிஷப் பிரதிஷ்டை, 1831 ஏப்ரல் 3 ஈஸ்டர் அன்று ஜனங்களுக்குத் திறந்துவிட்டார்கள். உள்ளே மேற்குச் சுவரில் கடைசி இராப்போஜனப் படம். அண்ணாந்து பார்த்தால் கறுத்த பெரிய உத்தரங்கள். அவை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தானின் லால்பாக் அரண்மனையிலிருந்து பிரித்து எடுத்து வந்தவை. அந்த உத்தரத்துக்குக் கீழே உட்கார்ந்து வெள்ளைக்காரத் துரைமார்கள், எங்களுக்கு ஜெயம் கொடுத்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று எத்தனை தடவை சொல்லியிருப்பார்கள்! ஜெயித்தவன் வாயில் கர்த்தரின் பெயர் சரளமாகத்தான் வரும். மேலே இருக்கும் மரத்தைக் கேட்டால் வேறு சொல்லும்.

பின்னால் மேட்டில் கல்லறைத் தோட்டம். ஜான் சல்லிவனின் மனைவியும் மகளும் இங்கேதான் இருக்கிறார்கள். கோயம்புத்தூர் கலெக்டராக இருந்து 1819-ல் மேலே வந்து, இந்தக் காற்று நோயைத் தீர்க்கும் என்று சொல்லிச் சொல்லியே ஊட்டியை உண்டாக்கிய மனுஷர் அவர். ஊரெல்லாம் உடம்பு தேற வந்த மலையில் அவர் தன் வீட்டில் இரண்டு பேரைப் புதைத்திருக்கிறார். கல்லில் பாசி. பெயரை விரலால் தடவித்தான் வாசிக்க முடிகிறது.

மத்தியானம் காந்தல் குருசடி. இயேசு அறையப்பட்ட சிலுவையின் சிறு துண்டு என்று வணங்கப்படுவது இங்கே இருக்கிறது; தென்னகத்தின் கல்வாரி என்பார்கள். நண்பனின் அம்மா இங்கே அடிக்கடி வருவார். எனக்குக்கூட ஒரு தடவை இங்கிருந்து எண்ணெய் கொண்டுவந்து கொடுத்தார், பரீட்சைக்கு முன்னால் நெற்றியில் பூச. சி.எஸ்.ஐ. பையன் எண்ணெய் பூசுவதாவது என்று ஹாஸ்டல் பீரோவில் வைத்துவிட்டேன். அந்தப் பேப்பரில் பாஸ்தான், அது வேறு விஷயம்.

ஆர்.சி.காரர்களிடம், கத்தோலிக்கர்களிடம், எனக்கு ஒரு பொறாமை உண்டு. அற்புதம் என்றால் அவர்கள் விசாரிக்கிறார்கள். எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில், ஆரல்வாய்மொழிக் காட்டாடி மலையில் 1752 ஜனவரி 14 அன்று சுட்டுக் கொல்லப்பட்ட தேவசகாயம் பிள்ளைக்கு 2022 மே மாதம்தான் புனிதர் பட்டம் கிடைத்தது. 2013-ல் வயிற்றில் அசைவில்லாமல் போன ஒரு சிசு, அவரை வேண்டிக்கொண்டபோது மறுபடி அசைந்தது. அதை முதலில் டாக்டர்கள், பிறகு இறையியலாளர்கள், பிறகு கர்தினால்கள், கடைசியில் போப் என்று படிப்படியாகப் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டார்கள். எங்கள் சபையில் விசாரணை கிசாரணை ஒன்றும் கிடையாது, மைக் கைக்கு வந்தால் போதும்.

ஆனால் எனக்கு அதில் உறுத்துவது வேறு. இன்றைக்குச் சிசுவைக் காப்பாற்றக் கேட்டுக்கொள்கிறார்களே, அந்த தேவசகாயத்தைத் துப்பாக்கியிலிருந்து யாரும் காப்பாற்றவில்லை. மாடுகள் செத்து, சொத்து போய் மனம் உடைந்திருந்தபோது டச்சுத் தளபதி டிலனாய் அவருக்குச் சொன்னது, எல்லாவற்றையும் இழந்த யோபுவின் கதை. யோபுவுக்குக் கடைசியில் எல்லாம் இரட்டிப்பாகத் திரும்பக் கிடைத்தது. தேவசகாயத்துக்கு விலங்கும் எருமைச் சவாரியும் குண்டும் கிடைத்தன.

ராத்திரி கம்பளிக்குள் இருந்துகொண்டு போனில் வேதத்தைப் புரட்டினேன். அப்போஸ்தலர் 12-ம் அதிகாரம். ஏரோது ராஜா அப்போஸ்தலன் யாக்கோபைப் பட்டயத்தினால் கொலைசெய்தான்: ஒரே வசனம். பேதுருவையும் பிடித்துக் காவலில் வைத்தான். தேவதூதன் வந்து விலாவில் தட்டி எழுப்பி, சங்கிலி கழன்று, இரும்புக் கதவு தானாகத் திறந்து, வீட்டு வாசலில் போய்க் கதவைத் தட்டுகிற வரைக்கும் அரை அதிகாரம். பேதுருவுக்குக் கதை, யாக்கோபுக்கு ஒரு வரி. நான் எழுதின சாட்சியும் அதே அளவில்தான் இருந்தது என்று இப்போதுதான் தோன்றுகிறது. யாக்கோபின் அம்மா அப்போது உயிரோடு இருந்தாளா? இருந்திருந்தால், பேதுரு தப்பின செய்தியைக் கேட்டு அவளும் ஸ்தோத்திரம் சொல்லியிருப்பாள். வீட்டுக்குப் போய் என்ன சொன்னாளோ.

அப்புறம் எஸ்தர். முழுப் புத்தகத்திலும் தேவனுடைய பெயரே கிடையாது. யூத ஜனமே அழிவிலிருந்து தப்பிக்கிறது. அதற்கு நடந்தது என்ன? ராஜாவுக்கு ஒரு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவ்வளவுதான். தூதன் இல்லை, சத்தம் இல்லை. அதை எழுதினவன் மேலே கையைக் காட்டக்கூட இல்லை.

91-ம் சங்கீதத்தையும் எடுத்தேன். தேவாலயத்து உப்பரிகையில் நிறுத்தி, குதி, தூதர்கள் தாங்குவார்கள் என்று இயேசுவிடம் பிசாசு எடுத்துச் சொன்ன வசனமும் இதே சங்கீதத்தில்தான் இருக்கிறது. பத்திரிகையில் போட்டபோது எனக்கு இது தெரியும். தெரிந்தும் தோன்றவில்லை.

நான்காம் நாள். ஞாயிறு, கேத்தி

முதல் பஸ்ஸில் இறங்கினேன். ஸ்டாப்பில் அவன் நின்றுகொண்டிருந்தான். தலையில் மங்கி குல்லா, தாடி பாதி நரைத்துவிட்டது. என்ன சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்து வந்தேன். அவன் என் பையை வாங்கிக்கொண்டு, “பூசைக்கு நேரமாச்சு, வா” என்றான். பதினைந்து வருஷத்துக்கு அப்புறம் முதல் வார்த்தை அது.

பூசையில் அவனோடு நின்றேன். முழங்காலிடும் இடங்களில் எனக்குத் தாளம் தப்பியது. பூசை முடிந்து கல்லறைக்குப் போனோம். அம்மா பெயர், இரண்டு தேதி. மெழுகுவர்த்தி காற்றில் நிற்கவே இல்லை. மூன்றாவது தீக்குச்சியில் அவன் விட்டுவிட்டான். “அம்மா திட்டும், தீப்பெட்டி வீண்பண்றேன்னு” என்றான்.

வீடு இப்போது வேறு சரிவில். கான்கிரீட் வீடு, சின்னதுதான். அவன் மனைவி “வாங்கண்ணா” என்று காபி கொடுத்துவிட்டுச் சமையலுக்குப் போனார். அவன் என்னை உட்காரவிடாமல் வீட்டுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனான். அங்கே ஆளுயரத்துக்கு மேல் ஒரு தடுப்புச் சுவர், அதற்கு மேலே மேடு, அதற்கும் மேலே தேயிலை. சுவரில் வரிசையாக பி.வி.சி. குழாய் முனைகள் நீட்டிக்கொண்டிருந்தன. ஒன்றிரண்டில் இந்தப் பனிக்காலத்திலும் சொட்டுச் சொட்டாக நீர்.

“இந்த ஓட்டை இல்லாத சுவர் கட்டினா அது சுவரில்ல, அணை” என்றான். “மண்ணு தண்ணி குடிச்சுக்கிட்டே இருக்கும். வெளிய விட வழியில்லைன்னா ஒரு நாளைக்கு மொத்தமா இறங்கும். பழைய வீட்டுக்குப் பின்னாடி நாங்க சுவரே கட்டல. மேட்டோட அடியை நேரா வெட்டி, வீட்டை ரெண்டு அடி நீட்டினோம். எல்லாரும்தான் வெட்டினாங்க. மேல இருந்த கால்வாயும் குப்பையில அடைஞ்சு கெடந்துச்சு.”

பேசிக்கொண்டே மண்வெட்டியை எடுத்துச் சுவருக்கு அடியில் ஓடும் கால்வாயில் விழுந்திருந்த சருகை வழித்துப் போட்டான். தினமும் சாயங்காலம் இந்த வேலை செய்யாமல் சாப்பிடமாட்டானாம். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததை எடுத்துச் சொல்லி, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்றா நினைக்கிறீர்கள் என்று இயேசு கேட்டார். கோபுரத்தைக் கட்டினவன் யார் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. இவன் கேட்டிருப்பான்.

பின்கட்டில் ஒரு அம்மி. ஒரு மூலை உடைந்த அம்மி. அவன் மனைவி அதில் காய்ந்த மிளகாயும் தேங்காயும் வைத்து இழுத்துக்கொண்டிருந்தார். மிக்ஸி உள்ளே இருக்கிறது, பார்த்தேன்.

“மூணாவது நாள் தோண்டறப்ப கெடச்சது” என்றான். “வேற ஒண்ணும் உருப்படியா கெடைக்கல.”

குழவி போய்வரும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். தொடங்கினால் இப்போதுதான் தொடங்க வேண்டும் என்று, “நான் அந்தப் பத்திரிகையை அனுப்பியிருக்கக் கூடாது” என்றேன்.

“படிச்சேன். நல்லாத்தான் எழுதியிருந்த” என்றான். மண்வெட்டியை கல்லில் தட்டி மண்ணை உதிர்த்தான். “அந்த வசனம்தான். ஆயிரம் பேர் விழுந்தாலும்னு போட்டிருந்தியே. எங்கம்மா அதுல எத்தனாவது ஆளுன்னு எண்ணிப் பாத்தேன்.”

கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. கணக்குக் கேட்பது போலச் சொன்னான். என்னால் தலை நிமிர முடியவில்லை. அவன் மனைவி அம்மியிலிருந்து கையை எடுக்காமலே, “விடுங்க, அண்ணா இப்பத்தானே வந்திருக்காங்க” என்றார்.

“இருடி, இவனுக்குத் தெரியாத இன்னொண்ணு இருக்கு.” சுவர் ஓரத் திண்டில் உட்கார்ந்தான். “நான் எப்படித் தப்பிச்சேன்னு நீ கேட்கவே இல்லையே?”

கேட்கவில்லை. என் பர்ஸிலேயே குறியாக இருந்துவிட்டேன்.

“பழைய வீட்டுல பின்னறை ஓடு ஒழுகும். ஆறு மாசமா அம்மா, ஓட்டை மாத்து, ஓட்டை மாத்துன்னு உசிரை எடுத்துச்சு. அடுத்த வாரம் அடுத்த வாரம்னு தள்ளிக்கிட்டே வந்தேன். அன்னிக்கு ராத்திரி ஒழுகல் சரியா என் தலகாணி மேல. குண்டானை வெச்சேன், ரொம்பிருச்சு. பாயை நகத்தினேன், அங்கயும் சொட்டுது. தூக்கமே இல்ல. ரெண்டு மணி இருக்கும். மேல கால்வாய் அடைச்சிருக்கோ, அதான் தண்ணி இப்படி வருதோன்னு டார்ச்சும் மண்வெட்டியும் எடுத்துக்கிட்டு வெளிய போனேன். அம்மா முன்னறையில நல்லாத் தூங்குது. முன்னறை ஓடு ஒழுகாது. நிச்சயத்துக்கு ஆளுங்க வருவாங்கன்னு அதை மட்டும் புதுசா மாத்தியிருந்தேன்.”

அவன் அங்கே நிறுத்திவிட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்துச் சிரித்தான்.

“அம்மா பேச்சைக் கேட்டு ரெண்டையும் மாத்தியிருந்தா நானும் போயிருப்பேன். ரெண்டையும் மாத்தாம விட்டிருந்தா அம்மாவும் முழிச்சிருக்கும். சொல்லு, இதை எந்தப் பத்திரிகையில போடுவ?”

எஸ்தரின் ராஜா நினைவுக்கு வந்தான். முந்தின ராத்திரிதான் வாசித்திருந்தேன். சொல்லவில்லை. சொன்னால் அதுவும் ஒரு சாட்சிபோல ஆகிவிடும்.

“முன்னறைக் கட்டில்ல அம்மா படுத்திருந்தது... நான் வருவேன்னு...” என்று இழுத்தேன். இத்தனை வருஷமாக யாரிடமும் கேட்காத கேள்வி அது. நான் வருவேன் என்றுதான் அவர் முன்னறையில் காத்திருந்தாரோ என்பது.

“சேச்சே. நீ வரமாட்டன்னு பத்து மணிக்கே தெரிஞ்சுபோச்சு, ரோடு அடைச்சதுதான் எல்லாருக்கும் தெரியுமே. கட்டில் காலியா இருக்கேன்னு ஏறிப் படுத்துச்சு. கம்பளியையும் உனக்குச் சூடு பண்ணி வெச்சிருந்துச்சா, அதையும் போத்திக்கிச்சு. கடைசி ராத்திரி சூடாத்தான் தூங்கியிருக்கு.”

ஆறுதலுக்குச் சொன்னானா, நடந்ததைச் சொன்னானா? தெரியவில்லை. நான் எழுந்து வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கொஞ்ச நேரம் கழித்து மண்வெட்டியை என் கையில் கொடுத்து, “அந்தக் கோடி வரைக்கும் வழி” என்றான். வழித்தேன். கை பழகாததால் கல்லில் இடித்துக்கொண்டே இருந்தது.

சாப்பாட்டுக்கு உட்காரும்போது அவன் சிலுவை போட்டுக்கொண்டு கண்ணை மூடினான். வழக்கத்தைவிட நீளமாக இருந்தது. நன்றி சொல்கிறாயா என்று கேட்டேன். “தினம் சொல்றேன்” என்றான். “எதுக்குன்னு மட்டும் சொல்லமாட்டேன். அவருக்குத் தெரியும்.”

அம்மித் துவையல், அவரைக்காய்க் குழம்பு, சோறு. மூன்று தடவை போட்டுக்கொண்டேன்.

இன்று ராத்திரி இங்கேதான். முன்னறையில் கட்டில் போட்டிருக்கிறார்கள். எனக்குத் தூக்கம் வரவில்லை, அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன். நேர்மையாகச் சொன்னால், அந்தப் பர்ஸ் தற்செயல்தான் என்று சொல்ல இன்றைக்கும் எனக்கு மனம் வரவில்லை. கர்த்தர் என்னைப் பிடித்து நிறுத்தினார் என்றுதான் உள்ளே இருக்கிறது. ஆனால் அதை அந்த அம்மிக்குப் பக்கத்தில் நின்று வாய்விட்டுச் சொல்ல முடியுமா என்று பார்த்தேன், முடியவில்லை. அங்கே நின்று சொல்ல முடியாததை வள்ளியூரில் மைக்கில் சொல்லியிருக்கிறேன்.

பக்கத்து அறையில் அவன் எழுந்து வெளியே போகிறான். டார்ச் வெளிச்சம் ஜன்னலில் ஒரு தடவை ஆடிவிட்டுப் போனது. மழையே இல்லை, நட்சத்திரம் தெரிகிற வானம். இருந்தும் போய்ப் பார்த்துவிட்டு வருகிறான்.

ஐந்தாம் நாள். திங்கள், மேட்டுப்பாளையம் போகும் பஸ்ஸில்

சுருக்கமாக, போனில் சார்ஜ் இல்லை.

காலையில் தோட்டத்தில் கேரட் பிடுங்கினோம். பிடுங்கினோம் என்றால் அவன் பிடுங்கினான், நான் மண் தட்டினேன். ஓடைப் பக்கத்தில் கேரட் கழுவுகிற மெஷின் ஒன்று பெரிய பீப்பாய் போலச் சுழன்றுகொண்டிருந்தது. உள்ளே போவது மண்கட்டி, வெளியே வருவது ஆரஞ்சு. அரைமணி நேரம் வேடிக்கை பார்த்தேன்.

டூவீலரில் குன்னூர் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவந்து விட்டான். ஒரு பை கேரட், ஒரு பொட்டலம் வர்க்கி. மார்ச்சில் தங்கை பையனுக்குப் புதுநன்மை, முதல்முறை நற்கருணை வாங்குகிற நாள், வந்துவிடு என்றான். சரி என்றேன். அம்மாவைப் பற்றியோ சாட்சியைப் பற்றியோ வேறு எதுவும் பேசவில்லை.

பஸ் கிளம்பிவிட்டது. அவன் கூடவே நாலடி ஓடிவந்து ஜன்னலைத் தட்டினான். எதையோ மறந்துவிட்டேனோ என்று தலையை நீட்டினேன்.

“டேய், பர்ஸ் இருக்கா?”

பின்பாக்கெட்டைத் தடவினேன். இருந்தது. எடுத்துக் காட்டினேன்.